மூளைக்கட்டி: கத்திக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு

1980-களில் சி.டி. ஸ்கேன் கருவிகள் இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தபோது மருத்துவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். வலிப்பு கண்டு வந்த இளம் வயதினர் பலரின் மூளைப் படத்தில், சாய மருந்து ஏற்றியதும் மினுங்கும் ஒரு சின்னஞ்சிறு வட்டம் தெரிந்தது. அது புற்றா, காசநோய்க் கழலையா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. காசநோய் மிகுந்த நாடு என்பதால் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. சிலருக்கு மண்டையோட்டைத் திறந்து அந்த வட்டம் அகற்றப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய குழு, அப்படி எடுத்த திசுக்களைப் பொறுமையாக ஆராய்ந்தது. பலவற்றில் அவர்கள் கண்டது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்த எச்சம். 1989-ல் லான்செட் இதழில் இதை அறிவித்தார்கள். 1993-ல் படத்தையும் நோயாளியையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்க ஓர் அளவுகோலையும் வெளியிட்டார்கள். வட்டம் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதா, விளிம்பு சீராக இருக்கிறதா, மூளையின் நடுக்கோடு நகராமல் இருக்கிறதா, நோயாளிக்குக் கைகால் பலவீனம் கூடிக்கொண்டே போகாமல் இருக்கிறதா? இத்தனைக்கும் ஆம் என்றால் அது பெரும்பாலும் புழுவின் எச்சம்தான். வலிப்பு மருந்து கொடுத்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடியும் படமெடுத்தால் அந்த வட்டம் சுருங்கியோ மறைந்தோ போயிருக்கும். எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையை இந்த அளவுகோல் தவிர்த்தது. அதற்கு உதவியது புதிய கருவி எதுவும் அல்ல. நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததும், எடுத்த திசுவையும் படத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டதும், கிடைத்த முடிவை மற்றவர்களும் பயன்படுத்தும்படி எழுதி வைத்ததும்தான்.

மூளைக்கட்டிச் சிகிச்சை பற்றிப் பேசும்போது நாம் எளிதில் தவறவிடுவதும் இதைத்தான். சிறப்பு மருத்துவமனை என்றதுமே மனம் கருவிகளைத் தேடுகிறது. காமா நைஃப் இருக்கிறதா, சைபர் நைஃப் இருக்கிறதா, புரோட்டான் இருக்கிறதா என்பதே குடும்பத்தாரின் முதல் கேள்வியாக இருக்கிறது. விளம்பரங்களும் அந்தக் கேள்வியைத்தான் வளர்க்கின்றன. கருவிகள் தேவையானவை, சில நோயாளிகளுக்கு அவை வாழ்வா சாவா என்பதையே தீர்மானிக்கும். ஆனாலும் கடந்த இருபது முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோயாளியின் எதிர்காலத்தை மாற்றும் முடிவுகளில் பெரும்பாலானவை எந்தக் கருவியும் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன என்பது தெரியும். இது கட்டிதானா, கட்டி என்றால் எந்த வகை, அந்த வகைக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்ற முடிவுகள் அவை. இவற்றைச் சரியாக எடுக்கும் திறமைதான் ஒரு சிறப்பு மையத்தின் உண்மையான சொத்து என்பது என் வாதம்.

மூளைக்கட்டி என்பது ஒரே நோய் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டில் மூளை, தண்டுவடக் கட்டிகளின் வகைகள் நூறைத் தாண்டுகின்றன. உடலின் வேறு உறுப்பில் தோன்றி மூளைக்குப் பரவும் புற்றுகள் தனி. எண்ணிக்கையில் மூளையிலேயே தோன்றும் புற்றுகளைவிட அவையே அதிகம். வகைக்கு வகை சிகிச்சை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலாக்டினோமா என்ற கட்டி, பார்வை நரம்பை அழுத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே பெரும்பாலும் சுருங்கிவிடும். அதே சுரப்பியில், படத்தில் ஏறக்குறைய அதேபோலத் தெரியும் வேறொரு கட்டிக்கு மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல உதவுவது ஓர் இரத்தப் பரிசோதனை. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெல்ல வளர்வது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ட சிறிய மெனிஞ்சியோமாவை, குறிப்பாக வயதானவர்களிடம், எதுவும் செய்யாமல் ஆண்டுக்கொரு எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து வருவதே சரியான சிகிச்சை. வளரிளம் பருவத்தினருக்கு மூளையின் நடுப்பகுதியில் வரும் ஜெர்மினோமா, கதிர்வீச்சுக்கு அப்படியே கரையும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். அதை முழுவதும் வெட்டி எடுக்க முயல்வது ஆபத்தை மட்டுமே சேர்க்கும்.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு மூளையில் வரும் லிம்போமா. மூளையில் கட்டி, சுற்றிலும் வீக்கம் என்று படம் சொன்னதும் பல இடங்களில் முதல் வேலையாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுகிறார்கள். தலைவலி குறையும், நோயாளி தெளிவடைவார், எல்லோருக்கும் நிம்மதி. வேறு பல கட்டிகளில் அது சரியான செயலும்கூட. ஆனால் லிம்போமாவின் செல்களை ஸ்டீராய்டே கொல்கிறது. சில நாட்களில் படத்தில் கட்டி மங்கும். பயாப்சி எடுத்தால் இறந்த செல்களும் அழற்சியும் மட்டுமே கிடைக்கும், நோய் எதுவென்று சொல்ல முடியாது. வாரங்கள் கழித்து அது மீண்டும் வளர்ந்து வரும்போது பொன்னான காலம் போயிருக்கும். லிம்போமா என்று ஐயப்பட்டால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத வரை, ஸ்டீராய்டை நிறுத்தி வைத்துவிட்டு ஊசி வழியாகச் சிறு திசு மட்டும் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு உயர் அளவு மெதோட்ரெக்ஸேட் அடங்கிய கீமோதெரபி. இங்கே நோயாளிக்குத் தேவைப்பட்டது ஒரு ரூபாய் மாத்திரையை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லும் அறிவு.

மூளைக்குள்ளேயே பிறக்கும் க்ளையோமாக்களில்தான் வகை அறிவதன் பலன் மிகத் தெளிவாக எண்களில் தெரிகிறது. இவற்றின் இயல்பு வயலில் பரவிய அருகம்புல்லைப் போன்றது. கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பிடுங்கினாலும் வேர் நெடுந்தூரம் ஓடியிருக்கும். அதனால் அறுவை சிகிச்சை மட்டும் போதாது, பிறகு என்ன தருவது என்பதே பெரிய கேள்வி. 2008-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, க்ளையோமாக்களில் மிகத் தீவிரமான க்ளையோபிளாஸ்டோமாவின் திசுக்களில் 20,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை வரிசைப்படுத்தியபோது, ஐ.டி.ஹெச்.1 என்ற மரபணுவில் யாரும் எதிர்பாராத ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றத்தில் ஈடுபடும் சாதாரண நொதி ஒன்றின் மரபணு அது. அந்த மாற்றம் உள்ளவர்கள் இளையவர்களாகவும் அதிக காலம் வாழ்பவர்களாகவும் இருந்தார்கள். நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்தவை உண்மையில் வெவ்வேறு நோய்கள் என்று புரிந்தது. 2021 வகைப்பாடு இதை முழுவதும் ஏற்றுக்கொண்டது. பெரியவர்களில் ஐ.டி.ஹெச். மாற்றம் இல்லாததைத்தான் இன்று க்ளையோபிளாஸ்டோமா என்று அழைக்கிறார்கள். மாற்றத்தோடு 1பி, 19க்யூ என்ற இரண்டு குரோமோசோம் கரங்களும் சேர்ந்து இழக்கப்பட்டிருந்தால் அது ஆலிகோடென்ட்ரோக்ளையோமா.

இந்தப் பிரிவினை ஆய்வகத்தின் நுணுக்க விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு வட அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட ஆய்வைக் காட்டலாம். 1994-ல் தொடங்கிய அது, க்ளையோமா நோயாளிகள் 291 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சு மட்டும், மற்றதற்கு பி.சி.வி. என்ற மூன்று மருந்துச் சேர்க்கையோடு கதிர்வீச்சும் கொடுத்தது. 2006-ல் முதல் முடிவு வந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. மொத்தமாகப் பார்த்தால் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே காலம்தான் வாழ்ந்தன. ஆய்வு அத்தோடு மூடப்பட்டிருந்தால் அந்த மருந்துகள் பயனற்றவை என்றே பாடநூல்களில் ஏறியிருக்கும். ஆனால் நோயாளிகளைத் தொடர்ந்து பின்பற்றினார்கள். 2013-ல் வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு கரங்களும் இழந்த கட்டி உள்ளவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 7.3 ஆண்டுகள், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டுகள். இழக்காதவர்களில் 2.7, 2.6 ஆண்டுகள், அதாவது வேறுபாடு இல்லை. ஏழு ஆண்டு வாழ்க்கை! பி.சி.வி.யில் இருப்பவை பல பத்தாண்டுகளாக இருக்கும் பழைய மருந்துகள். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அறிந்ததுதான் புதிது. ஐ.டி.ஹெச். மரபணு மாற்றத்தைக் குறிவைத்து உருவான வோராசிடெனிப் என்ற மாத்திரை, அறுவை முடிந்த, மெல்ல வளரும் தாழ்நிலைக் க்ளையோமா நோயாளிகள் 331 பேரிடம் சோதிக்கப்பட்டு, நோய் முன்னேறாத காலத்தை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டியது. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐ.டி.ஹெச். மாற்றம் இல்லாதவருக்கு இந்த மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை.

அறுவை சிகிச்சையிலும் கதை இதுதானா என்று கேட்கலாம். அங்கே கை வண்ணம்தானே முக்கியம்? கை வண்ணம் முக்கியம்தான், அதற்கு முன் அந்த மருத்துவமனை எந்தக் கொள்கையோடு அணுகுகிறது என்பதும் முக்கியம். நார்வேயில் நடந்த ஓர் இயற்கையான ஒப்பீடு இதைக் காட்டுகிறது. அந்த நாட்டில் நோயாளி எந்த ஊரில் வசிக்கிறாரோ அந்தப் பகுதிக்கான பல்கலைக்கழக மருத்துவமனைக்குத்தான் போவார். தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. இரண்டு மருத்துவமனைகளில் ஒன்று, தாழ்நிலைக் க்ளையோமா என்றால் பயாப்சி மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பதை விரும்பியது. மற்றது இயன்றவரை முன்கூட்டியே அகற்றுவதை விரும்பியது. 153 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தவர்கள் காத்திருந்த மருத்துவமனையில் 60 சதவீதம், முன்கூட்டி அகற்றிய மருத்துவமனையில் 74 சதவீதம். ஒரே நாடு, ஒரே அரசுக் காப்பீடு, ஒரே காலம். முகவரி ஒன்றுதான் வேறு.

அகற்றுவது என்று முடிவெடுத்த பிறகு எவ்வளவு அகற்றுவது என்பது வரும். பேச்சும் கையசைவும் நடக்கும் பகுதிக்கு அருகே கட்டி இருந்தால், நோயாளியை விழிக்க வைத்தே அறுவை செய்யும் முறை உண்டு. மூளைக்கு வலி தெரியாது. உச்சந்தலைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, மென்மையான மின்தூண்டலால் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுப் பார்ப்பார்கள். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது சொல் தடைபட்டால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். இந்த முறையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர் மாண்ட்ரியலின் வைல்டர் பென்ஃபீல்ட். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2012-ல் வந்த ஆய்வில், இப்படி மின்தூண்டலால் வரைபடம் போட்டுச் செய்த அறுவைகளில் நிலையான கடும் பாதிப்பு 3.4 சதவீதம், வரைபடம் இல்லாமல் செய்தவற்றில் 8.2 சதவீதம் என்று தெரிந்தது. அதோடு வரைபடத்தோடு செய்தவர்கள் கட்டியை அதிகமாகவே அகற்றியிருந்தார்கள். இதற்குத் தேவைப்படும் மின்தூண்டல் கருவி எளியது. மயக்கவியல் நிபுணர், நரம்பியல் உளவியலாளர், அறுவை நிபுணர் மூவரும் ஒருவரையொருவர் நம்பி வேலை செய்யும் பழக்கம்தான் அரிது. 5-அலா என்ற கரைசலை நோயாளி குடித்த பிறகு நீல ஒளியில் கட்டி செந்நிறமாக ஒளிரும் முறையும் இருக்கிறது. 2006-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், சாயமேற்கும் கட்டி முழுவதையும் அகற்றிய விகிதத்தை அது 36-லிருந்து 65 சதவீதமாக உயர்த்தியது. அதுவும் உயர்நிலைக் கட்டிகளுக்கு மட்டுமே. தாழ்நிலைக் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை.

கருவிகளுக்கு வருவோம். என் வாதத்துக்கு வலுவான மறுப்பு இங்கேதான் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2001 முதல் 2012 வரை 200 சிறுவர், இளையோரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. அனைவருக்கும் தீவிரமற்ற கட்டிகள். அனைவருக்கும் ஒரே அளவு கதிர்வீச்சு. ஒரு குழுவுக்கு வழக்கமான முறையில், மற்றதற்குக் கட்டியின் வடிவத்தோடு துல்லியமாகப் பொருந்தும் ஸ்டீரியோடாக்டிக் முறையில். ஐந்தாண்டுகள் தொடர்ந்து அளந்தபோது துல்லிய முறை பெற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் மேலாக இருந்தன. ஹார்மோன் குறைபாடு புதிதாக வந்தவர்கள் 31 சதவீதம். வழக்கமான முறையில் 51 சதவீதம். ஒரு குழந்தை பள்ளியில் பாடம் கற்பதும், உயரமாக வளர்வதும் கருவியின் துல்லியத்தைப் பொறுத்தது என்று ஓர் இந்திய மருத்துவமனை உலகுக்கு நிரூபித்தது. இது பெருமைப்பட வேண்டிய அறிவியல். ஆனால் இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று கவனியுங்கள். நீண்ட ஆயுள் எதிர்பார்க்கக்கூடிய கட்டி வகைகள், வளரும் மூளை. அங்கேதான் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வருகிறது.

புரோட்டானும் அப்படியே. எக்ஸ் கதிர் கட்டியைக் கடந்து மறுபுறம் வெளியேறும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். தென்னாசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019-ல் சென்னையில் திறக்கப்பட்டது. பிறகு நவி மும்பையில் டாட்டா நினைவு மையமும் தொடங்கியது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி வந்த ஒரு குழந்தைக்கு மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு தர வேண்டும். எக்ஸ் கதிர் என்றால் முதுகிலிருந்து புகுந்து இதயத்தையும் குடலையும் தொட்டு வெளியேறும். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும். அந்தக் குழந்தைக்குப் புரோட்டான் வேண்டும் என்று வாதாட நான் தயங்க மாட்டேன். க்ளையோபிளாஸ்டோமா வந்த எழுபது வயதுக்காரருக்காக நிலத்தை விற்றுப் புரோட்டான் சிகிச்சைக்குப் போகும் குடும்பத்திடம் அதே வாதத்தைச் சொல்ல முடியாது. அந்த நோயில் புரோட்டான் ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு தரும் காமா நைஃபும் இதே விதிக்கு உட்பட்டது. வேறு உறுப்பிலிருந்து பரவிய ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ள 213 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், குறிவைத்த கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் நினைவும் அறிவும் மங்கியவர்கள் 63.5 சதவீதம். அதோடு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு சேர்த்தவர்களில் 91.7 சதவீதம், ஆயுளில் வேறுபாடு இல்லை. அந்தக் கட்டிகள் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள நுரையீரல் புற்றிலிருந்து வந்தவை என்றால் மூளைக்குள் புகக்கூடிய ஓசிமெர்டினிப் மாத்திரையே கதிர்வீச்சைச் சில காலம் தள்ளிப்போட உதவக்கூடும். ஆசிய நோயாளிகளில் இந்த மாற்றம் அதிகம். ஆக, கருவியின் மதிப்பைக் கட்டியின் வகைதான் நிர்ணயிக்கிறது.

வகை தெரிந்துவிட்டால் துணிந்து சிகிச்சையைக் குறைக்கலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு மூலக்கூறு வகைகளில் டபிள்யூ.என்.டி. என்ற வகைக்குப் பலன் மிக நன்றாக இருக்கும். அப்படியானால் முதுகுத்தண்டுக் கதிர்வீச்சை விட்டுவிடலாமே என்ற நல்லெண்ணத்தில் டாட்டா நினைவு மையம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கதிர்வீச்சு படாத இடங்களில் நோய் திரும்பியதால் அதை இடையிலேயே நிறுத்தி, நிறுத்தியதையும் வெளியிட்டது. சரியான வகை ஒரு சரியான கேள்வியைத் தருகிறது. விடையைச் சோதனைதான் தர வேண்டும். தோல்வியைப் பதிவுசெய்து சொல்லும் மையங்களை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

இப்படிப்பட்ட முடிவுகளைத் தனி ஒருவர் எடுக்க முடியாது. அதற்காகத்தான் ட்யூமர் போர்டு என்ற கூட்டம். நரம்பு அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், கீமோதெரபி நிபுணர், திசுவைப் பார்க்கும் நோயியல் நிபுணர், படத்தைப் படிக்கும் கதிரியல் நிபுணர் ஆகியோர் வாரம் ஒருமுறையாவது ஒரே அறையில் அமர்ந்து ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் திசுவையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். ஊசி கட்டியின் ஓரத்தைத் தொட்டதா நடுவைத் தொட்டதா என்று தெரியாமல், தாழ்நிலை என்று வந்த அறிக்கையை நம்ப முடியாது. படத்தைப் பார்ப்பவரும் திசுவைப் பார்ப்பவரும் பேசிக்கொண்டால்தான் அந்தப் பொருத்தமின்மை வெளியே வரும். பெரிய ஆய்வுகளில் மத்திய ஆய்வகம் திசுக்களை மறுபடி பார்த்தபோது க்ளையோமாக்களில் கணிசமானவற்றின் வகை மாறியிருக்கிறது. இந்த மறுபார்வை ஆடம்பரமாகக் கருதப்படும் வரை தவறான சிகிச்சை தொடரும்.

அவசரம் என்று ஒன்று இருக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. மூளை நீர் வடியும் பாதை அடைபட்டு நினைவு தப்பிக்கொண்டிருப்பவருக்கு வகை தெரியும் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. அருகிலுள்ள மருத்துவமனையில் அன்றே நீரை வடித்து, வீக்கத்தைக் குறைத்து உயிரைக் காக்க வேண்டும். அதற்குமேல் செய்ய வேண்டியவை பெரும்பாலும் சில நாட்கள் பொறுக்கும். க்ளையோபிளாஸ்டோமாவிலேயே அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடையில் நான்கு முதல் ஆறு வாரம் விடுவது வழக்கம். அந்த இடைவெளியில் திசுப் பரிசோதனைகளை முடித்துவிடலாம். அவசரமாகச் செய்ய வேண்டியதையும் அவசரப்படக் கூடாததையும் பிரித்தறிவதே முதல் மருத்துவரின் கடமை.

இன்னோர் ஆட்சேபம் மனத்தை வருத்துவது. க்ளையோபிளாஸ்டோமா எப்படியும் திரும்பி வரும் நோய்தானே, அங்கே இத்தனை ஆராய்ச்சி எதற்கு? 573 பேரிடம் நடந்து 2005-ல் வெளியான ஐரோப்பிய-கனடா ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைட் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இந்த இரண்டரை மாதத்தை மட்டும் பார்த்துக் கைவிரிப்பவர்கள் உண்டு. அதே ஆய்வில் இரண்டாண்டு கடந்து வாழ்ந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள். எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு அணைந்திருந்தவர்களில் அது 46 சதவீதம். அந்த மரபணு அணையாதவர்களுக்கு மருந்தின் பயன் மிகச் சிறிது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த 2017 ஆய்வில், ஆறு வாரத்துக்குப் பதில் எல்லோருக்கும் மூன்று வாரமே கதிர்வீச்சு கொடுத்தார்கள்; அதோடு மருந்தும் சேர்த்தபோது வாழ்நாள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமானது. எஞ்சிய காலம் ஒன்பது மாதம் என்றால் அதில் மூன்று வாரத்தை மருத்துவமனை நடையிலிருந்து மீட்பது சிறிய காரியமா? வகை அறிவது வீண் செலவையும் தடுக்கும். பெவாசிசுமாப் என்ற விலை உயர்ந்த ஊசியை முதல் சிகிச்சையிலேயே சேர்த்தால் ஆயுள் கூடவில்லை என்று 2014-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. வீக்கத்தைக் குறைக்க அது உதவலாம், அதற்கு மேல் வாக்குறுதி தரக் கூடாது. வலிப்பையும் தலைவலியையும் கட்டுக்குள் வைத்து, ஸ்டீராய்டைத் தேவைக்கு மேல் நீட்டாமல், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் வழிகாட்டும் ஆதரவு மருத்துவத்தை முதல் நாளிலிருந்தே சேர்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. கடைசி வாரத்தில் தருவதற்கென்று அதை ஒதுக்கி வைப்பது கொடுமை.

கடைசியாகச் செலவும் தூரமும். இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ இருக்கும் தினக்கூலிக் குடும்பத்தை ஆறு வாரம் சென்னையில் அறை எடுத்துத் தங்கச் சொல்வது நடக்கிற காரியமா? நடக்காது, பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். ஆனால் இந்த ஆட்சேபம் கருவியை மையமாக வைத்த பார்வையைத்தான் உடைக்கிறது, என் வாதத்தை வலுப்படுத்துகிறது. கருவி இருக்கும் இடத்துக்கு நோயாளி போக வேண்டும். முடிவு எடுக்கும் இடத்துக்குப் படமும் திசுவும் போனால் போதும். பயாப்சித் திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த ப்ளாக் பல ஆண்டுகள் கெடாது, தபாலில் அனுப்பலாம். ஐ.டி.ஹெச். மாற்றங்களில் பத்தில் ஒன்பது ஒரே வகையானது. அதை விலை குறைந்த எதிர்ப்பொருள் சாயம் ஒன்றே காட்டிவிடும். 55 வயதைத் தாண்டி, க்ளையோபிளாஸ்டோமாவின் தோற்றமும் உள்ளவருக்கு அந்தச் சாயம் ஏறவில்லை என்றால் மேற்கொண்டு மரபணு வரிசைப்படுத்தல் தேவையில்லை என்பதே ஏற்கப்பட்ட நடைமுறை. 2012-ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பு நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை இணைத்து, சிக்கலான நோயாளிகளின் விவரங்களைக் காணொளி வழியாகக் கூடி விவாதிக்கவும் வழி செய்திருக்கிறது. முடிவு அங்கே எடுக்கப்பட்டால், டெமோசோலமைட் மாத்திரையை உள்ளூரிலேயே விழுங்கலாம், கதிர்வீச்சை அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் பெறலாம். விழித்த நிலை அறுவைக்கும் குழந்தைகளின் புரோட்டானுக்கும் மட்டும் தூரம் போனால் போதும்.

இது நடைமுறைக்கு வர வேண்டுமானால் சில எளிய பழக்கங்கள் மாற வேண்டும். அறுவை முடிந்ததும் அறிக்கைத் தாளோடு சேர்த்து, ப்ளாக்கைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது எல்லா மருத்துவமனையிலும் சொல்லப்பட வேண்டும். ஸ்கேன் ஃபிலிமோடு அசல் படங்கள் அடங்கிய குறுவட்டையும் கொடுக்க வேண்டும். ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கூட்டமும் சரியான முடிவு எடுக்க முடியாது. காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் தொகை ஒதுக்குவதைப் போலவே மூலக்கூறு பரிசோதனைக்கும் மறுபார்வைக்கும் தனியே ஒதுக்க வேண்டும். மாவட்டந்தோறும் கதிர்வீச்சுக் கருவி கேட்டுக் கோரிக்கை வைப்பவர்கள், மூளைத் திசுவைப் படிக்கப் பயிற்சி பெற்ற நோயியல் நிபுணர்களையும் அதே கோரிக்கையில் சேர்க்க வேண்டும். புதிய கருவிக்குத் திறப்பு விழா நடக்கும், நிபுணரின் நியமனத்துக்கு நடக்காது. அதனாலேயே அந்தப் பணியிடங்களைக் கேட்டு வாங்க வேண்டியது மக்கள்தான்.